லூர்மே

மாட்டுத்தாவணியில் மேலூர் வண்டிகள் நிற்கும் வரிசைக்குப் பின்னால்
கட்டணக் கழிப்பறை.
மேசையில் நான், என் முன்னால் தகர டப்பா.
மேசைக்கு அடியில் பிஸ்கட் அட்டைப்பெட்டியில்
ஆறு மாதத்து எழிலி.

ஆள் ஏற்றுகிற ஒச்சப்பன் மூச்சு விடாமல் கத்துவான்:
மேலூர்மேலூர்மேலூர்மேலூர்மேலூர்
எங்கே பிடித்தான், எங்கே விட்டான்
எனக்குத் தெரியும். எனக்கு ஊர் தெரியும்.
பெட்டிக்குள் இருப்பவளுக்கு எந்த ஊரும் தெரியாது.
அவளுக்கு அது
துளைக்கோடு போட மறந்துபோன டோக்கன் சுருள்.
எந்த இடத்தில் கிழிப்பாள்?

கிழிக்கத்தான் செய்தாள், நான் பார்க்காத நேரத்தில்.
சில்லறையாக் குடுங்க
சில்லறை இல்லக்கா
நூறு ரூவாய்க்கு எங்கிட்டுய்யா சில்லறை
காலையிலேயே சில்லறைக்கு அழ விடாதீங்க...
ஒரு நாளைக்கு ஐநூறு வாய்.
முன்னால் வருவதும் பின்னால் வருவதும்
ஆளுக்கு ஆள் மாற,
அந்த மூன்று அசை மட்டும்
கைவிடாமல் சேர்ந்தே வந்துகொண்டிருந்தன.
ஒன்பதாம் மாதம் ஒரு மத்தியானம்
யாரிடமோ சில்லறை என்றேன்.
கீழிருந்து ஒரு கை
டப்பாவை நோக்கி நீண்டது.
கொடுத்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எத்தனை நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள் இவள்?
இவள் முன்னால் வீட்டுக்காரரை
என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்.

பெயர் அவர் வைத்தது.
மேகம் என்று அர்த்தமாம், புத்தகத்தில் போட்டிருந்ததாம்.
வைத்தவர் உட்பட எல்லோருக்கும் அவள் எளிலிதான்.
தடுப்பூசி அட்டையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள்.
எங்கள் பக்கம் பளம், வாளக்கா, மளை.
அதனால் ஒன்றும் நனையாமல் போனதில்லை.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் இருக்கிறாள்,
பதிவு பண்ணிய குரல். அவளுக்கு மட்டும் நாக்கு மடியும்:
மேலூர், திருப்பத்தூர் வழியாக
காரைக்குடி செல்லும் பேருந்து.
ஆறு மாதத்தில் அந்த 'வழி' வரும்போதெல்லாம்
எழிலி பால் குடிப்பதை நிறுத்துவாள்.
கண் மேலே போகும்.
ஏதோ ஒன்று வேறாக இருக்கிறது என்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
பதினோராம் மாதம் நிறுத்தவில்லை.
ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது மாதிரி
அணைத்துவிட்டாள் போல.
கரண்டு பில் கட்டுகிறவள் நான், குறை சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் கூட்டமில்லாத ஒரு மூன்று மணிக்கு
நாக்கை உள்ளே மடித்து, கஷ்டப்பட்டு,
எழிலி
என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
அவள் திரும்பவில்லை.
வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பாள்.
ஏ எளிலி என்றேன்.
நாலு பல்லும் தெரியத் திரும்பினாள்.

பதிமூன்றாம் மாதம், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு
பின்னால் நகர்கிற வண்டியைப் பார்த்துச் சொன்னாள்:
லூர்மே.
தவறான இடத்தில் கிழித்திருக்கிறாள்.
வண்டி லூர்மே. குழாயில் ஓடுகிற தண்ணீர் லூர்மே.
அவள் அப்பா பைக்கை எடுத்தால், முதுகைப் பார்த்து, லூர்மே.
அம்மா என்பது இன்னும் வரவில்லை.
அதற்கென்ன, நான் எங்கும் போவதில்லையே.

ஒச்சப்பன் குனிந்து திருத்தினான்.
மே. லூர். சொல்லு, மே. லூர்.
அவன் வாயையே பார்த்துவிட்டு
லூர்மே என்றாள், அவனுக்குத்தான்
தெரியவில்லை என்கிற மாதிரி.

மறுநாள் ஐந்தரை வண்டிக்கு
எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஆரம்பித்தான்:
லூர்மேலூர்மேலூர்மேலூர்மே
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கீரைக்கட்டோடும் டிபன் பாக்ஸோடும்
அடித்துப் பிடித்து ஏறினார்கள்.
வண்டி நிறைந்தது.

பச்சைத் துண்டுக்காரர் ஒருவர் மட்டும்
என் மேசைப் பக்கம் வந்து நின்றார்:
ஏம்மா, இது மேலூர் போகுமா?

நான் வாயைத் திறப்பதற்குள்
இடுப்பிலிருந்து பதில் போய்விட்டது.
தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.